மூன்றாம் கட்டில்: இரவுப்பணி ஒப்படைப்பு

எதெல்மிரா,
படிவம் முழுதும் நிரப்பிவிட்டேன்.
அதில் இடம் போதாதது இது.

நேற்று மாலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்,
மகனின் முதுகோடு கயிற்றால் கட்டப்பட்டு.
ஃபோர்த்துனாத்தோ வாய்ட்டா. வயது எழுபத்தொன்று.
"காய்ச்சல் இல்லை, இருமல்கூடப் பெரிதாக இல்லை.
இரண்டு நாளாக அல்பாக்காக்களை எண்ண வரவில்லை"
என்றான் மகன்.
மந்தை அறுபத்து நான்கு உருப்படி.
இருபது வரை வருவாராம், நிற்பாராம்,
மறுபடி ஒன்று.

வெப்பமானி முப்பத்தாறரை.
பத்து வருஷம் முன்னால் அதை நம்பியிருப்பேன்.
காய்ச்சல் மூட்டவும் உடம்பில் விறகு வேண்டும்;
விறகு தீர்ந்த வயதில்
புத்திதான் முதலில் புகைகிறது.

நான்கு ஸ்வெட்டர், ஒரு போஞ்சோ, அடியில் செய்தித்தாள்.
ஒவ்வொன்றாகக் கழற்றினேன், துணிக்குள் மூச்சு தெரியாது.
நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
நெஞ்சை எண்ணினேன், ஒரு நிமிடம் முழுக்க.
(எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால்
எவரும் இயல்பாக மூச்சு விடுவதில்லை.)
முப்பத்து நான்கு.

வலப்பக்க முதுகின் அடியில்
உறைபனி பூத்த இச்சுப் புல்லை
யாரோ மெல்ல மிதித்துப் போகும் சத்தம்.
விரலால் தட்டினால் இடப்பக்கம் காலிப் பானை,
வலப்பக்கம் நிறைந்த பானை.
விரல்நுனிக் கருவி எழுபத்து நான்கு காட்டியது.
இந்த நாலாயிரம் மீட்டரில்
நீயும் நானுமே எண்பத்தெட்டுதான், தெரியும்.
ஆனாலும்.

மூன்றாம் முறை அழைத்தபோதுதான் டாக்டர் கிடைத்தார்.
நிமோனியா என்று நான் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.
சளியை முதலில் எடுத்தேன், பழைய தகரத்தின் துரு நிறம்.
ஏழு பத்துக்கு முதல் ஊசி.
ஹூலியாக்கா ஆம்புலன்ஸ், பனி உருகினால்,
பத்து மணிக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
இரண்டே காலுக்கு அடுப்பருகில் கண்ணயர்ந்தேன்,
எட்டு நிமிடம்.
விழித்தபோது ஆக்சிஜன் குழாய் தரையில் சீறிக்கொண்டிருந்தது;
அவர் வெறுங்காலோடு கதவில் கைவைத்து,
உதடு நீலமாக,
பட்டியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அறுபத்தாறு.
படிவத்திலும் எழுதியிருக்கிறேன், அழிக்கவில்லை.

அதன்பின் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப்போட்டு உட்கார்ந்தேன்.
தலைப்பக்கம் உயர்த்தி, முதுகுக்கு மூன்று தலையணை;
படுக்க விடாதே, சரிந்துவிடுகிறார்.
நான்காவது தலையணை மடியில்.
இருமும்போது நெஞ்சோடு அணைக்கச் சொன்னேன், வலி குறைய.
அவர் அதைக் கன்று என்று நினைக்கிறார்.
திருத்தாதே. இறுக்கிப் பிடிக்கிறார்,
ஆழமாக இருமுகிறார்,
எனக்கு வேண்டியது அதுதான்.
தண்ணீர் சிறு மிடறாக, நிமிர்ந்திருக்கும்போது மட்டும்.
உதடு வெடித்திருக்கிறது, பற்களைத் துடைத்துவிடு.
இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்று.
சிலிண்டர் முள் சிவப்பைத் தொட இரண்டு விரல் இருக்கிறது,
ஸ்பேனர் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.

'இலக்கு' என்ற கட்டத்தில்
எண்பத்தைந்துக்கு மேல் என்று எழுதினேன், முறைப்படி.
கீழே பென்சிலில்: அறுபத்து நான்கு வரை எண்ணுதல்.
மேற்பார்வையாளர் கேட்டால் என் பெயரைச் சொல்.

ஐந்து மணிக்கு மூச்சு இருபத்தெட்டு, கருவியில் எண்பத்திரண்டு.
ஜன்னல் வெளுக்கும்போது
விரலை நீட்டி அவராகவே தொடங்கினார்:
கட்டில்கள், உப்புநீர்ப் புட்டிகள், கூரை வரிசையின் ஆணிகள்,
தடுமாறாமல் நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டுக்கு விரல் என்மேல் நின்றது.
என் காதைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.
"சிவப்பு நூல் இல்லை" என்றார் மகனிடம்,
"இது நம்முடையதில்லை. விட்டுவிடு."

'மதிப்பீடு' கட்டம் காலியாக இருக்கிறது, உனக்கு.
என் எண்ணை நம்பாதே,
முழு நிமிடம் எண்ணு.

நியேவெஸ்